பாவம் குற்றமாக மாறியபோது எது தொலைந்தது?

கேட்கப்பட்டது இது: "கிறிஸ்தவத் தத்துவம் இன்றைய மதச்சார்பற்ற சிந்தனையோடு உண்மையிலேயே உரையாட முடியுமா? இரு தரப்பும் நாகரிகமாக ஒருவரையொருவர் பொறுத்துப் போவதற்குத்தான் உரையாடல் என்று பெயர் வைத்திருக்கிறோமா?"

முடியும் என்றே நினைக்கிறேன், நடந்தும் இருக்கிறது. ஆனால் 'கிறிஸ்தவம்', 'நவீனம்' என்று பெரிய சொற்களை மட்டும் வைத்துப் பேசினால் கடைசியில் கையில் எதுவும் மிஞ்சாது. அதனால் ஒரே ஒரு மாலைச் சந்திப்பை எடுத்துக்கொண்டு, அதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றைச் சொல்கிறேன். நான் விசுவாசி, ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவன். என் தரப்பு வென்றதா என்று பார்க்கத்தான் அந்தச் சந்திப்பின் உரைகளை முதலில் படிக்க எடுத்தேன். படித்து முடித்தபோது அந்தக் கேள்வியே மறந்துபோயிருந்தது.

2004 ஜனவரி 19. ஜெர்மனியின் மியூனிக் நகரில் பவேரியக் கத்தோலிக்க அகாதமி. அழைப்பின் பேரில் வந்த சிறு கூட்டம். பேச வந்தவர்கள் இருவர். ஒருவர் யூர்கன் ஹாபர்மாஸ், நவீன சமூகத்தை விமர்சன நோக்கில் ஆராய்ந்த ஃபிராங்பர்ட் சிந்தனைப் பள்ளியின் இரண்டாம் தலைமுறையில் முதன்மையானவர், ஐரோப்பிய இடதுசாரி அறிவுலகில் அசைக்க முடியாத பெயர். மற்றவர் கர்தினால் யோசேப் ராட்சிங்கர், 1981 முதல் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயத்தின் தலைவர். ஏழைகளின் பக்கம் நிற்கும் விடுதலை இறையியலைச் சேர்ந்த லெயோனார்தோ போஃப்மீது 1985இல் மௌனத் தடை விதித்தது அந்தப் பேராயம்தான். இந்தச் சந்திப்பு நடந்து ஓராண்டும் சில மாதங்களும் கழித்து ராட்சிங்கர் பதினாறாம் பெனடிக்ட் என்ற பெயரில் திருத்தந்தை ஆனார். இந்த இருவரும் ஒரே மேசையில் உட்காருவார்கள் என்று இரு தரப்பிலும் பலர் எதிர்பார்த்திருக்கவில்லை.

ஆனால் அவர்களின் பிறந்த ஆண்டுகளைப் பாருங்கள்: ராட்சிங்கர் 1927, ஹாபர்மாஸ் 1929. இருவரும் ஹிட்லரின் ஆட்சியில் வளர்ந்த பிள்ளைகள். அந்தத் தலைமுறைச் சிறுவர்கள் பெரும்பாலோரையும் போல இருவரும் ஹிட்லர் இளைஞர் அணியில் சேர்க்கப்பட்டவர்கள். ராட்சிங்கருக்குப் பதினாறு வயதில் விமான எதிர்ப்புப் பீரங்கிப் படையில் வேலை. ஹாபர்மாஸ், போர் முடிந்தபின் நியூரம்பர்க் விசாரணைகளை வானொலியில் கேட்டதுதான் தன் சிந்தனையைத் திருப்பிப் போட்டது என்று பின்னாளில் சொன்னார். சட்டப் புத்தகம், நீதிமன்றம், தேர்தல், பல்கலைக்கழகம், இரண்டு பெரிய திருச்சபைகள், காண்டின் தத்துவம் எல்லாம் இருந்த ஒரு நாடு எப்படி அந்தக் கதிக்குப் போனது என்ற கேள்வி இருவருக்கும் ஏட்டுக் கேள்வியாக இருந்திருக்க முடியாது. அன்றைய தலைப்பும் அதையொட்டியதுதான்: சுதந்திர அரசு ஒன்றுக்கு, அரசியலுக்கு முந்தைய ஒழுக்க அடித்தளம் ஏதாவது தேவையா?

இந்தக் கேள்விக்கு ஒரு பூர்வீகம் உண்டு. ஏர்ன்ஸ்ட்-வொல்ஃப்காங் போக்கன்ஃபோர்டே என்ற சட்ட அறிஞர் 1964இல் ஆற்றிய ஓர் உரையில் வரும் வாக்கியம் ஜெர்மனியில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த ஒன்றாகிவிட்டது: சுதந்திரமான, மதச்சார்பற்ற அரசு, தன்னால் உத்தரவாதம் தர முடியாத முன்நிபந்தனைகளை நம்பி வாழ்கிறது. சற்று யோசித்தால் இது எவ்வளவு சங்கடமான வாக்கியம் என்று புரியும். தன் பிள்ளைகள் படித்து முடித்து வேலைக்குப் போய்விட்ட பிறகும், ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வரி கூட்டலாம் என்று வாக்களிக்கும் ஒருவர் இருக்கிறார் அல்லவா, அவரைச் சட்டம் உருவாக்க முடியாது. சாட்சிக் கூண்டில் தனக்கு நட்டம் வரும் என்று தெரிந்தும் உண்மையைச் சொல்பவரையும் உருவாக்க முடியாது. பொய்ச் சாட்சிக்குத் தண்டனை வைக்கலாம்; ஆனால் எல்லோரும் பிடிபடாமல் பொய் சொல்லவே விரும்பினால் எந்த நீதிமன்றமும் நடக்காது. மனத்துக்குள் புகுந்து நல்லவனாக்க அரசு கிளம்பினால் அது சுதந்திர அரசாக இருக்காது. கிளம்பாவிட்டால், அந்த நல்ல மனம் வேறெங்கிருந்தோ வர வேண்டும்.

இந்த வாக்கியத்தைச் சபை மேடைகளில் "பார்த்தீர்களா, திருச்சபை இல்லாவிட்டால் ஜனநாயகம் விழுந்துவிடும்" என்று மேற்கோள் காட்டுவதை நிறையக் கேட்டிருக்கிறேன். அது அவருக்குச் செய்யும் அநீதி. போக்கன்ஃபோர்டே கத்தோலிக்கர், அதோடு சமூக ஜனநாயகக் கட்சி உறுப்பினர். 1983 முதல் 1996 வரை ஜெர்மானிய அரசமைப்பு நீதிமன்ற நீதிபதி. அவர் அன்று மனத்தில் வைத்துப் பேசியது தன் சொந்தத் திருச்சபை மக்களை. மதச்சார்பற்ற அரசை உங்களுக்கு விரோதியாகப் பார்க்காதீர்கள், உங்கள் விசுவாசத்தைச் சுதந்திரமாக வாழக் கிடைத்த வாய்ப்பாகப் பாருங்கள் என்பதுதான் அவருடைய வேண்டுகோள். அந்த உரையில் அவர் காட்டிய வரலாறும் முக்கியம்: ஆயர்களை நியமிப்பது பேரரசரா, திருத்தந்தையா என்று பதினொன்றாம் நூற்றாண்டில் தொடங்கிய சண்டையிலிருந்து, பதினாறு பதினேழாம் நூற்றாண்டுகளின் மதப் போர்கள் வரை, கிறிஸ்தவர்களே கிறிஸ்தவர்களை வெட்டிக்கொண்டதன் முடிவில்தான் ஐரோப்பாவில் மதம் சாராத அரசு பிறந்தது. ஐரோப்பியர் 'மதச்சார்பின்மை' என்று சொல்லும்போது அதற்குள் இந்த இரத்தம் இருக்கிறது. பல மதங்களுக்கு நடுவே அரசு எப்படி நிற்க வேண்டும் என்ற நம் நாட்டுக் கேள்வி வேறு வழியில் வந்தது. சொல் ஒன்றுதான் என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மியூனிக்கில் ஹாபர்மாஸ்தான் முதலில் பேசினார். போக்கன்ஃபோர்டேயின் கேள்வியை அவர் இரண்டாகப் பிளந்தார். அரசமைப்புச் சட்டத்தை நியாயப்படுத்த மதம் வேண்டுமா? வேண்டாம். சட்டத்துக்குக் கட்டுப்படும் குடிமக்களே கூடிப் பேசி, காரணம் சொல்லி, அந்தச் சட்டத்தை இயற்றியவர்களாகவும் இருக்கும்போது அதற்கு வெளியிலிருந்து யாரும் முட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. இதில் அவர் கடைசி வரை இம்மியும் நகரவில்லை. இரண்டாவது பாதி வேறு: நியாயமான சட்டம் இருக்கிறது, சரி, ஆனால் ஒருவருக்காக ஒருவர் இழக்கத் தயாராக இருக்கும் அந்த உள்ளம் வற்றிப்போனால்? சந்தை எல்லா இடத்திலும் நுழைந்து, குடிமக்கள் தங்கள் உரிமைகளை ஒருவர்மேல் ஒருவர் நீட்டும் ஆயுதமாக மட்டும் பயன்படுத்தும் தனித்தனிச் சில்லுகளாகிவிட்டால்? அந்த ஆபத்து உண்மையானது என்று ஒப்புக்கொண்டார். ஆகவே மனிதர்களின் கூட்டுணர்வு ஊறும் எந்த ஊற்றையும் அரசு தூர்த்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மத சமூகங்கள் அத்தகைய ஊற்றுகளில் அடக்கம் என்றார்.

அதற்கு அடுத்து அவர் சொன்னதுதான் என்னைப் பொறுத்தவரை அந்த மாலையின் சாரம். கடவுள் மனிதனைத் தம் சாயலில் படைத்தார் என்ற விவிலியக் கருத்து, எல்லா மனிதருக்கும் சமமான, நிபந்தனையற்ற மதிப்பு உண்டு என்ற நவீனக் கருத்தாக மாறியது; அது காப்பாற்றும் மொழிபெயர்ப்பு என்றார். மூலத்தில் உள்ள பொருளை அழிக்காமல், அந்த மதத்தைச் சேராதவருக்கும் அதைத் திறந்துவிடுவது. தமிழில் விவிலியம் வாசிப்பவர்களுக்கு மொழிபெயர்ப்பின் அருமை தெரியும். "தேவசாயல்" என்று பழைய பதிப்பில் படித்து வளர்ந்தவர்களும் "கடவுள் தம் உருவில்" என்று கத்தோலிக்கப் பதிப்பில் படித்தவர்களும் ஒரே வசனத்தில் சற்று வேறான இரண்டைக் கேட்கிறோம். குழந்தையைப் பார்த்து "அப்பன் சாயல்" என்கிறோமே, அந்த உறவு 'உருவம்' என்ற சொல்லில் இல்லை. ஒரே மொழிக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம் என்றால், ஆலயத்து மொழியிலிருந்து நாடாளுமன்ற மொழிக்குப் போகும்போது எவ்வளவு கூடும், எவ்வளவு கழியும்?

ராட்சிங்கரின் பதிலுரையில் எதிர்பார்த்தது வரவில்லை என்பதுதான் விசேஷம். கத்தோலிக்கத் தத்துவத்தின் நூற்றாண்டுக் கணக்கான கருவி ஒன்று உண்டு: இயற்கைச் சட்டம். மனித இயல்பிலேயே நல்லது கெட்டது பொதிந்திருக்கிறது, அதை எந்த மதத்தவரும் அறிவால் கண்டுகொள்ளலாம் என்ற வாதம். பதின்மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளர் அகுயினாஸ் காலத்திலிருந்து திருச்சபை வெளியுலகோடு பேச அதைத்தான் எடுக்கும். ராட்சிங்கர், அந்தக் கருவி மழுங்கிவிட்டது, இன்று அதன்மேல் என் வாதத்தைக் கட்டப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். பரிணாமக் கொள்கை வென்றபின் இயற்கைக்கு உள்ளே ஓர் அறிவொழுங்கு இருக்கிறது என்று எதிரே இருப்பவர் ஏற்பதில்லை. ஏற்காத ஒன்றை வைத்து அவரோடு எப்படிப் பேசுவது என்பது காரணம். விசுவாசக் கோட்பாட்டின் காவலர் என்று பெயரெடுத்த மனிதர், தன் வீட்டின் பரம்பரைக் கருவியைத் தானே கீழே வைத்துவிட்டுப் பேசத் தொடங்கினார். உரையாடல் நடந்ததா என்று கேட்டால் நான் முதலில் காட்டுவது இந்த இடத்தைத்தான்.

பிறகு அவர் சொன்னவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். மதத்துக்கு நோய்கள் வருகின்றன. செப்டம்பர் 11க்குப் பிறகு அதை மறுக்க யாராலும் முடியாது. அதனால் மதத்துக்குப் பகுத்தறிவின் காவல் வேண்டும். ஆனால் பகுத்தறிவுக்கும் நோய்கள் வருகின்றன. அணுகுண்டு பைத்தியக்காரர்களின் வேலையல்ல, ஆகச் சிறந்த மூளைகளின் வேலை. மனிதனையே சோதனைக்கூடத்தில் தயாரிக்கும் பொருளாகப் பார்ப்பதும் அறிவின் வேலைதான். எனவே இரண்டும் ஒன்றையொன்று கேட்டுத் தூய்மைப்படுத்திக்கொள்ள வேண்டும். இதோடு அவர் ஒரு வளையத்தைப் பெரிதாக்கினார்: மேற்கின் மதச்சார்பற்ற அறிவு தனக்குத் தானே எவ்வளவு வெளிச்சமாகத் தெரிந்தாலும் உலகத்தில் எல்லோருக்கும் அது அப்படித் தெரிவதில்லை, கிறிஸ்தவ விசுவாசத்துக்கும் அதே எல்லை உண்டு. கிறிஸ்தவர் படைப்பு, படைத்தவர் என்று பேசும் இடத்தில் இந்திய மரபு தர்மம் என்கிறது, சீன மரபு வானத்தின் ஒழுங்கு என்கிறது. அவர்களும் இந்தப் பேச்சில் இருந்தாக வேண்டும் என்றார். தர்மம் என்ற சொல் இங்கே சாதி ஒழுங்குக்கும் பெயராக இருந்திருக்கிறது என்பதை அம்பேத்கரைப் படித்த எவரும் அவருக்குச் சொல்லியிருப்பார்கள். அந்த மேசையில் அதைச் சொல்ல ஆளில்லை.

இனி நான் தலைப்பில் வைத்த விஷயத்துக்கு வருகிறேன். அது மியூனிக்கில் பேசப்பட்டதல்ல, அதற்கு இரண்டே கால் ஆண்டுகளுக்கு முன் 2001 அக்டோபர் 14 அன்று ஃபிராங்பர்ட்டின் பவுல் ஆலயத்தில் பேசப்பட்டது. ஆலயம் என்று பெயர்தான். 1848இல் ஜெர்மானியரின் முதல் தேசியப் பேரவை கூடிய மண்டபம் அது, இன்று வழிபாட்டு இடமில்லை. ஜெர்மானியப் புத்தக வணிகர்களின் அமைதிப் பரிசைப் பெற்றுக்கொண்டு ஹாபர்மாஸ் 'விசுவாசமும் அறிவும்' என்று ஓர் உரை ஆற்றினார். நியூயார்க் கோபுரங்கள் விழுந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. சமூகவியலாளர் மாக்ஸ் வேபரின் சொல்லைக் கடன் வாங்கி, மத விஷயத்தில் தனக்கு இசைச் செவி கிடையாது என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்பவர், அங்கே சொன்னார்: பாவம் என்பது குற்றமாக மாறியபோது, கடவுளின் கட்டளையை மீறுவது மனிதச் சட்டத்தை மீறுவதாக மாறியபோது, ஏதோ ஒன்று தொலைந்துபோனது.

எது தொலைந்தது? ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். குடித்துவிட்டு வண்டி ஓட்டிய ஒருவன் ஒரு பையனைக் கொன்றுவிடுகிறான். வழக்கு, தண்டனை, இழப்பீடு எல்லாம் முடிகிறது. சட்டத்தின் கணக்கு நேராகிவிட்டது. ஆனால் அவன் உள்ளே இன்னும் ஒன்று கேட்கிறான்: அந்த இரவு நடக்காமல் போயிருக்கக் கூடாதா? மன்னிப்பு கேட்பது என்பது தண்டனையைக் குறைக்கச் சொல்லும் மனுவல்ல. செய்ததைச் செய்யாததாக்க முடியாதா என்ற தவிப்பு. பாவம் என்ற சொல் அந்தத் தவிப்பை ஏந்தியிருந்தது. குற்றம் என்ற சொல் ஏந்தவில்லை. அதைவிடப் பெரிய இடம் ஒன்றும் காலியாகிறது: செத்துப்போன பையனுக்கு யார் நியாயம் செய்வது? நம்மால் திருத்தவே முடியாத, முடிந்துபோன துன்பத்தைப் பற்றிப் பேச மதச்சார்பற்ற மொழியிடம் சொல் இல்லை. உயிர்த்தெழுதல் என்ற நம்பிக்கை போனது, ஆனால் அது இருந்த இடம் வெறுமையாகத் தெரிகிறது என்று ஹாபர்மாஸ் சொன்னது இதைத்தான்.

இதற்கு அவருடைய சொந்தப் பள்ளிக்குள்ளேயே ஒரு பழைய வழக்கு இருந்தது. 1937இல் அந்தப் பள்ளியை வழிநடத்திய மாக்ஸ் ஹோர்க்ஹைமர், யூதச் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமினுக்கு எழுதிய கடிதம். இறந்தவர்களின் துன்பம் இன்னும் முடிவடைந்துவிடவில்லை, நினைவுகூர்தல் அதைத் திறந்து வைக்க முடியும் என்பது பெஞ்சமினின் எண்ணம். ஹோர்க்ஹைமர் மறுத்தார்: கொல்லப்பட்டவர்கள் உண்மையிலேயே கொல்லப்பட்டவர்கள்தான், முடிவடையவில்லை என்று சொல்ல வேண்டுமானால் இறுதித் தீர்ப்பை நம்ப வேண்டியிருக்கும். மூன்றாண்டு கழித்து பெஞ்சமின் நாஜிகளுக்குத் தப்பி ஓடும் வழியில் ஸ்பெயின் எல்லையில் உயிரை விட்டார். இந்தக் கடிதத்தை நினைத்துக்கொண்டு பெரிய வெள்ளியன்று ஆலயத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஹோர்க்ஹைமரின் வாக்கியத்தைக் கேட்காமல் "கிறிஸ்து உயிர்த்தார்" என்று சொல்வது எனக்கு எளிதாக இருந்தது. கேட்ட பிறகு அது முன்பைவிடக் கனமான வாக்கியமாகிவிட்டது. மதச்சார்பற்ற சிந்தனை ஒரு விசுவாசிக்குச் செய்யக்கூடிய நன்மை இதுவென்று நினைக்கிறேன்.

மொழிபெயர்ப்பு எப்படி நடக்கும் என்பதற்கு அதே உரையில் அவர் ஒரு மாதிரியும் காட்டினார். அப்போது மரபணுவை மாற்றிக் குழந்தைகளை வடிவமைப்பது பற்றிப் பெரிய விவாதம். அவர் ஆதியாகமத்தை எடுத்தார். கடவுள் மனிதனைப் படைக்கிறார். ஆனாலும் மனிதன் சுதந்திரமானவன். எப்படி? படைத்தவருக்கும் படைக்கப்பட்டவனுக்கும் இடையே அளவிட முடியாத தூரம் இருப்பதால். கடவுள் நமக்கு நிகரான ஒரு ஆள் இல்லை. ஆகவே அவர் நம்மை உருவாக்கியது நம் சுதந்திரத்தைப் பறிக்கவில்லை. அந்த இடத்தில் இன்னொரு மனிதன் வந்து உட்கார்ந்து, தன் விருப்பப்படி உன் உடலின் அமைப்பை முன்கூட்டியே தீர்மானித்தால்? சமமானவர்களுக்கு இடையே இருக்க வேண்டிய சமத்துவம் அங்கேயே உடைகிறது. கடவுளை நம்பாதவருக்கும் இந்த வாதம் புரிகிறது. ஆனால் படைப்புக் கதை இல்லாமல் இந்த வாதம் யாருக்கும் தோன்றியிருக்குமா என்பது சந்தேகம். தன் முன்னால் இருந்த வேத வசனத்தை ஒரு நாத்திகர் எத்தனை விசுவாசிகளைவிடக் கூர்மையாக வாசித்திருக்கிறார்!

2007இல் மியூனிக் இயேசு சபையினரின் தத்துவக் கல்லூரியில் அவர் மறுபடி பேசினார். அங்கே அவர் ஒரு சாவிலிருந்து தொடங்கினார். சுவிஸ் எழுத்தாளர் மாக்ஸ் ஃப்ரிஷ், மதநம்பிக்கை இல்லாதவர், 1991 ஏப்ரலில் இறந்தார். அவருடைய இரங்கல் கூட்டம் சூரிக் நகரின் புனித பேதுரு ஆலயத்தில், அவர் விருப்பப்படியே. குருவானவர் இல்லை, ஆசீர்வாதம் இல்லை. ஃப்ரிஷ் எழுதி வைத்த சில வரிகளை அவர் துணைவியார் படித்தார்: நெருங்கியவர்கள் பேசட்டும், ஆமென் வேண்டாம். வந்திருந்தவர்கள் பெரும்பாலும் அறிவுஜீவிகள், ஆலயப் பக்கம் போகாதவர்கள். அன்று தனக்கு அது விசித்திரமாகப் படவில்லை என்று சொல்லும் ஹாபர்மாஸ், பின்னால் யோசித்தபோது கண்டது: வாழ்க்கையின் கடைசி வாசலைக் கடப்பதற்கு மதச் சடங்குக்கு ஈடான ஒன்றை நவீனம் கண்டுபிடிக்கவில்லை, அதனால்தான் நம்பாத மனிதர் ஆலயத்தைத் தேர்ந்தெடுத்தார்.

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு ஒரு மறுப்பு தோன்ற வேண்டும், எனக்கும் தோன்றியது. சுயமரியாதைத் திருமணம்? புரோகிதர் இல்லாமல், நெருப்பு இல்லாமல், உறவும் நட்பும் சாட்சியாக மாலை மாற்றி நடந்த திருமணங்கள், 1967இல் அண்ணா ஆட்சியில் சட்ட ஏற்பும் பெற்றன. படத்திறப்பு, நினைவேந்தல் என்று சாவுக்கும் ஒரு வடிவம் கிடைத்தது. நம்பாதவர்களால் சடங்கு உண்டாக்க முடியாது என்பது பொதுவிதி இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த மணங்களுக்கு உயிர் கொடுத்தது வெறும் மறுப்பு அல்ல, ஓர் இயக்கம், அதற்காகத் தங்களை ஒப்புக்கொடுத்த மக்கள், திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட ஓர் உறுதிமொழி. ஹாபர்மாஸ் தேடிய கூட்டுணர்வு அங்கே இருந்தது. சூரிக் ஆலயத்தில் கூடியவர்களிடம் அப்படி ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை.

இதில் எல்லாம் சுமுகமாக முடிந்தது என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. 2006 செப்டம்பரில் ரேகன்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் திருத்தந்தையாக ராட்சிங்கர் ஆற்றிய உரை இஸ்லாமைப் பற்றிய ஒரு மேற்கோளால் உலகெங்கும் எரிந்தது. அதன் தத்துவ மையம் அந்தச் சத்தத்தில் புதைந்துவிட்டது. கிரேக்க அறிவும் விவிலிய விசுவாசமும் இணைந்த கூட்டிலிருந்து ஐரோப்பா படிப்படியாக விலகியதுதான் சிக்கலின் வேர் என்றார் அவர். ஹாபர்மாஸ் 2007 உரையில் இதற்கு நேராகவே மறுப்புச் சொன்னார்: இடைக்கால இறையியலாளர் டன்ஸ் ஸ்கோட்டஸிலிருந்து தொடங்கும் அந்த விலகல்தான் நவீன அறிவியலுக்கும் காண்டுக்கும் வழி திறந்தது, அதை வீழ்ச்சிக் கதையாகச் சொல்ல முடியாது என்று. மூன்றாண்டுகளுக்கு முன் மரியாதையோடு பேசிய மேசை, மறுப்புக்கும் இடம் வைத்திருந்தது.

ஹாபர்மாஸிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. தெருவில், பத்திரிகையில், கூட்டத்தில் மத மொழியில் பேசலாம். ஆனால் நாடாளுமன்றம், நீதிமன்றம், அரசு அலுவலகம் ஆகியவற்றின் வாசலைத் தாண்டும்போது எல்லோருக்கும் புரியும் மொழிக்கு அது மாற்றப்பட வேண்டும் என்பது அவர் விதி. அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸ் வைத்த விதியைவிட இது தளர்வானதுதான். (ரால்ஸ் இளைஞராக இருந்தபோது குருமடத்தில் சேர எண்ணியவர், 1942இல் பிரின்ஸ்டனில் அவர் எழுதிய பட்ட ஆய்வு பாவத்தையும் விசுவாசத்தையும் பற்றியது. பசிபிக் போர்முனையில் அவர் விசுவாசம் உடைந்தது. மதச்சார்பற்ற அரசியல் தத்துவத்தின் பெரிய ஆளுமைக்குள்ளும் ஓர் இறையியல் மாணவன் புதைந்திருந்தான்.) இருந்தாலும் கனடியக் கத்தோலிக்கத் தத்துவவாதி சார்ல்ஸ் டெய்லர் கேட்டது நியாயமான கேள்வி: காண்டைப் பின்பற்றுபவரின் காரணம் மட்டும் எல்லோருக்கும் தானாகப் புரிந்துவிடுமா? மதத்தை மட்டும் ஏன் தனியே நிறுத்த வேண்டும்? 1963இல் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் எழுதிய கடிதத்தில், அநீதியான சட்டம் சட்டமே அல்ல என்று புனித அகுஸ்தினாரைச் சாட்சிக்கு அழைக்கிறார். அதை மொழிபெயர்த்துவிட்டு வா என்று யாரும் அவரைத் திருப்பி அனுப்பவில்லை. நம்பாதவர்களுக்கும் அது அப்படியே புரிந்தது.

இன்னொன்று: மொழிபெயர்ப்பைக் கரும்பு பிழிவதாக நினைத்துக்கொள்ளும் ஆபத்து. சாற்றை எடுத்துக்கொண்டோம், இனி சக்கை எதற்கு என்று. சாயல் என்ற சொல்லுக்கு உயிர் இருப்பது, குப்பை அள்ளும் மனிதருக்கும் நோயில் கிடக்கும் கிழவிக்கும் முன்னால் அதை நம்பி முழந்தாளிடும் சிலர் இருப்பதால்தான். அவர்கள் இல்லாமல் போனால் அடுத்த தலைமுறைக்கு மொழிபெயர்க்க மூலமே இருக்காது.

என் தரப்பிடம் இருக்கும் குறை இதைவிடப் பெரியது, அதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதியது அத்தனையும் பாதிப் பொய். மதத்துக்குப் பகுத்தறிவின் காவல் வேண்டும் என்று ராட்சிங்கர் சொன்னது மியூனிக்கில். அவர் 1977 முதல் 1982 வரை பேராயராக இருந்த அதே மியூனிக். 2022 ஜனவரியில், அந்த மறைமாவட்டமே கேட்டுப் பெற்ற சட்ட நிறுவன அறிக்கை, குழந்தைகள்மீது பாலியல் கொடுமை செய்த குருக்கள் சம்பந்தப்பட்ட நான்கு வழக்குகளில் அவர் தவறாக நடந்துகொண்டார் என்று குற்றம் சாட்டியது. அவர் தரப்பு அதை மறுத்தது. பாதிக்கப்பட்டவர்களிடம் மன்னிப்பு கேட்டு அவர் ஒரு கடிதம் எழுதினார். அந்த ஆண்டின் கடைசி நாளில் இறந்தார். அந்தக் கோப்புகளைத் திறந்து வரிவரியாக எழுதியவர்கள் வழக்கறிஞர்கள். பாவம் என்ற சொல்லை நன்றாகவே வைத்திருந்த சபைக்கு, குற்றம் என்ற சொல்லை வெளியிலிருந்து யாரோ கொண்டுவர வேண்டியிருந்தது. பாவம் குற்றமாகக் குறுகியபோது ஏதோ தொலைந்தது என்று ஹாபர்மாஸ் சொன்னது உண்மை. குற்றத்தைப் பாவம் என்று மட்டும் சொல்லி, பாவசங்கீர்த்தனத்தோடு மூடிவைத்தபோது பிள்ளைகள் தொலைந்தார்கள் என்பதும் உண்மை. தூய்மைப்படுத்துதல் என்று அவர் சொன்னது இவ்வளவு வலிக்கும் என்று அன்று கேட்டுக்கொண்டிருந்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

ஹாபர்மாஸ் இதை அத்தோடு விட்டுவிடவில்லை. 2019இல், தொண்ணூறு வயதில், விசுவாசமும் அறிவும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஒன்றிடம் ஒன்று கற்றுக்கொண்ட கதையை இரண்டு பெரிய தொகுதிகளில், ஆயிரத்து எழுநூறு பக்கங்களுக்கு மேல், எழுதி வெளியிட்டார். அதன் கடைசிப் பக்கத்தில் அவர் வந்து நிற்கும் இடம் வழிபாடு. கூடி வழிபடும் சமூகங்கள் இருக்கும் வரை, தன்னைக் கடந்த எதையும் அறியாத வாழ்வுக்குள் இழுபட்டுப் போகும் நவீனத்துக்கு மத அனுபவம் உடலில் தைத்த முள்ளாக இருக்க முடியும் என்கிறார். அந்த முள் அவருடைய உவமை அல்ல. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் பன்னிரண்டாம் அதிகாரத்தில், "என் மாம்சத்திலே ஒரு முள்" என்று பவுல் எழுதியதிலிருந்து எடுத்தது. அதை நீக்கும்படி பவுல் மூன்று தரம் வேண்டிக்கொண்டார், அது நீக்கப்படவில்லை.